ஜெலட்டினைக் காப்பாற்றாதீர்கள்!

கையாலேயே புகைப்படம் அச்சிடுகிறவர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. டிஜிட்டல் கேமரா வந்ததும் இவர்கள் காணாமல் போய்விடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். போகவில்லை. 19ஆம் நூற்றாண்டு முறைகளை எல்லாம் தோண்டியெடுத்து, தூரிகையும் தட்டும் வாளியுமாக வீட்டுக் குளியலறையிலேயே அச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இவர்களிடம் ஒரு விநோதமான பழக்கம் உண்டு. காகிதத்துக்குத் தடவியது போக மீந்த ஜெலட்டின் கரைசலைக் கொட்ட மனசு வராது. ஏதாவது ஒரு மருந்தைக் கலந்து, பாட்டிலில் அடைத்து, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்கள். தைமால் போடு என்பார் ஒருவர். நாலு சொட்டு ஃபார்மலின் போதும் என்பார் இன்னொருவர். எதைப் போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் சண்டையெல்லாம். அதை எதற்காகத் தாங்க வைக்க வேண்டும் என்று கேட்க மட்டும் ஆளில்லை.

இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். காப்பாற்றவே கூடாது. மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

இது என்ன சமாச்சாரம் என்றே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கம் பைக்குரோமேட் என்று ஒரு அச்சு முறை. அரபிக் கோந்து, வாட்டர்கலர் நிறமி, டைக்குரோமேட் உப்பு மூன்றையும் கலந்து காகிதத்தில் பூசி, வெளிச்சம் படாமல் காயவைத்து, மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டுவார்கள். வெயில் பட்ட இடத்தில் கோந்து இறுகிப்போகும். படாத இடம் தண்ணீரில் கரைந்து போய்விடும். மிஞ்சுவது படம். டைக்குரோமேட் தடவிய காகிதம் வெளிச்சத்தில் நிறம் மாறுவதை முங்கோ பான்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1839ல் கவனித்துச் சொன்னார். 1890களில் பாரிஸில் ராபர்ட் டெமாஷியும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஹைன்ரிஷ் கூனும் இந்த முறையை ஓவியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். (டெமாஷி வங்கிக் குடும்பத்துப் பிள்ளை. காசுக்குக் கவலையில்லாமல் கோந்தோடு விளையாட முடிந்தது!) எட்வர்ட் ஸ்டைக்கன் பிளாட்டினம் அச்சின் மேல் கோந்து பூசிச் செய்த 'குளம் - நிலவொளி' படத்தின் ஒரு பிரதி 2006 பிப்ரவரியில் நியூயார்க் ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதே ஆசாமியின் 'ஃபிளாட்டைரன்' 2022 நவம்பரில் ஒரு கோடியே 18 லட்சம் டாலர். ஆக, ஏதோ பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக் கூடிய விஷயமில்லை.

ஒரு பூச்சில் கிடைக்கும் படம் வெளிறிப்போய்த்தான் இருக்கும். மூன்று, நான்கு பூச்சு வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் காகிதம் மணிக்கணக்கில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும். இங்கேதான் ஜெலட்டின் வருகிறது. வெறும் காகிதம் பஞ்சு மாதிரி. நிறமி அதன் இழைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் வராது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் காகிதத்துக்கு சைஸிங் செய்வது. பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புடவைக்கு அது விறைப்புக்காக. காகிதத்துக்கு, இழையின் வாயை அடைப்பதற்காக. பிரான்சின் ஆர்ஷ் வாட்டர்கலர் காகிதத்தில் ஆலையே ஜெலட்டின் ஏற்றித் தருகிறது. ஆனால் நாலு பூச்சு, நாலு குளியலுக்கு அது மட்டும் போதாது என்று அச்சிடுகிறவர்கள் மேலே தாங்களும் ஏற்றுவார்கள். காகிதத்தை முதலில் வெந்நீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டுக் காயவைப்பது. பிறகு லிட்டருக்கு 30 கிராம் கணக்கில் கரைத்த ஜெலட்டினை வெதுவெதுப்பாகத் தடவுவது அல்லது அதில் முக்கி எடுப்பது. கடைசியில் அந்த ஜெலட்டின் மறுபடி தண்ணீரில் இளகிவிடாதபடி ஒரு ரசாயனத்தால் கெட்டிப்படுத்துவது. வேலை இவ்வளவுதான்.

இப்போது அந்த ஜெலட்டின் யார் என்று பார்ப்போம். மாட்டுத் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்திக் காய்ச்சி எடுக்கிற புரதம். உலர்ந்த தூளாகவோ தகடாகவோ ஈரம் படாமல் டப்பாவில் இருக்கும்வரை வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது. தண்ணீர் பட்ட நிமிஷத்திலிருந்து அது உணவு. நமக்கு இல்லை, கிருமிகளுக்கு! இது மிகைப்படுத்தல் இல்லை. 1881ல் ராபர்ட் காக் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினாரே, அவர் அதை வளர்த்தது ஜெலட்டின் மேல்தான். ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே கிருமிக்குப் பரிமாறிய இலை அது.

அதில் காக்குக்கே இரண்டு தொல்லைகள் இருந்தன. உடம்புச் சூட்டுக்கு ஜெலட்டின் உருகிவிடும். அதோடு, சில கிருமிகள் அதைத் தின்று தண்ணீராக்கிவிடும். கடைசியில் அவருடைய குழுவில் இருந்த வால்ட்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய கடல்பாசிச் சத்தான அகர் அகரைப் போட்டுப் பாருங்கள் என்று சொல்ல, ஜெலட்டினுக்கு அங்கே ஓய்வு கொடுத்தார்கள். உலகத்தின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடங்களில் இன்றைக்கும் அகர் அகர்தான். ஒரு குடும்பத்தலைவியின் அடுக்களை அறிவு! அந்த அறிவில் கால்வாசி இருந்தாலும் ஜெலட்டின் பாட்டிலை ஃபிரிட்ஜில் அடுக்க மாட்டார்கள்.

கிருமி ஜெலட்டினைத் தின்று தண்ணீராக்கும் என்றதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் முழு வழக்கும் அதில்தான் நிற்கிறது. பெரும்பாலானவர்கள் நினைப்பது, கெட்டுப்போனால் நாற்றம் அடிக்கும், நாறவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று. நேற்று வைத்த ரசத்துக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு சரி. ஜெலட்டின் விஷயத்தில், கிருமியிடமிருந்து வரும் நொதி முதலில் செய்கிற வேலை அதன் நீண்ட புரதச் சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்குவது. சங்கிலி நீளமாக இருந்தால்தான் அது ஆறும்போது உறைந்து ஜெல்லியாகும். காகிதத்தின் மேல் படலமாக நிற்கும். நறுக்கப்பட்ட பிறகு பார்வைக்கு அதே கரைசல், அதே நிறம், மூக்குக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் வேலைக்கு ஆகாது. நாற்றம் எல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்கிற தபால்.

கிருமியே வராவிட்டாலும் இதே நறுக்கல் சூட்டிலும் நடக்கும். பாட்டிலை எடுத்து உருக்குவது, மீந்ததை மறுபடி உறையவிடுவது, அடுத்த வாரம் மறுபடி உருக்குவது... ஒவ்வொரு முறையும் ஜெலட்டின் கொஞ்சம் பலமிழக்கும். 60 டிகிரிக்கு மேல் அடுப்பில் மறந்து விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். அதாவது எந்த மருந்தைப் போட்டுக் கிருமியைத் தடுத்தாலும், திரும்பத் திரும்ப உருக்குவதால் வரும் நஷ்டத்தை அந்த மருந்து தடுக்காது. பாட்டிலில் காப்பாற்றப்படுவது தண்ணீரும் மருந்தும்தான்.

இப்படிப் பலமிழந்த ஜெலட்டினைத் தடவினால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் கொடுமை. காகிதம் காய்ந்ததும் பார்க்க நன்றாகவே இருக்கும். முதல் பூச்சு நன்றாக வரும். இரண்டாவதும் வரலாம். மூன்றாவது பூச்சில் வானத்தில் ஒரு நீலக்கறை, கன்னத்தில் ஒரு திட்டு. கழுவினால் போகாது. அச்சிட்டவர் நிறமியைத் திட்டுவார், காகித ஆலையைத் திட்டுவார், ஈரப்பதத்தைத் திட்டுவார். பத்து நாளைக்கு முன்னால் தடவிய, ஒரு மாதம் பழசான கரைசலை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. நாறவில்லையே!

சரி, கணக்குக்கு வருவோம். வணிகவியல் படிக்கிறவர்கள் முதல் வருஷத்திலேயே படிக்கிற பாடம், சரக்கைக் கையில் வைத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு என்பது. கெட்டுப்போகும் சரக்குக்கு அந்தச் செலவு அதிகம். நாலைந்து சின்னக் காகிதங்களுக்குத் தூரிகையால் தடவ கால் லிட்டர் கரைசல் தாராளம். அதில் இருக்கும் ஜெலட்டின் ஏழரை கிராம். கடையில் ஒரு டீ குடிக்கிற காசு. முழுதும் தடவித் தீர்ந்து, மீந்தது அதில் பாதி என்று வைத்துக்கொண்டால் அரை டீ! இந்த அரை டீயைக் காப்பாற்ற ஒரு பாட்டில், ஃபிரிட்ஜில் ஓர் இடம், தைமால், தைமாலைக் கரைக்க ஆல்கஹால். மறு தட்டில், பல நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பருத்திக் காகிதம், அதன் மேல் மூன்று நான்கு நாள் வேலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை இவர்களுக்காகவே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. அதுவும் இங்கே சுண்டைக்காயே அழுகிக்கொண்டிருக்கிறது. :-)

மருந்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தைமால் என்றதும் ஒரு செல்லம் உண்டு. இயற்கையானது என்பார்கள். உண்மைதான், ஓமத்துக்கு அந்த வாசனையைக் கொடுப்பதே தைமால்தான். வயிற்றுவலிக்கு ஓமத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதன் மேல் நம்பிக்கை வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஓமத் தண்ணீரில் இருக்கும் துளியும் பாட்டிலில் வாங்குகிற படிகமும் ஒன்றல்ல. படிகம் தோலில் பட்டால் எரிக்கும். தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்குத்தான் கரையும், அதனால்தான் ஆல்கஹாலில் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். காகிதத்துக்கு அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. இருபதாம் நூற்றாண்டில் பல காலம், நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பூஞ்சை பிடித்த காகிதங்களைத் தைமால் ஆவி நிறைந்த பெட்டிக்குள் வைத்துப் பதப்படுத்தினார்கள். 1980களில்தான் தெரிய வந்தது, அப்படிப் பதப்படுத்திய காகிதத்தில் தங்கிவிடும் தைமால் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிறது என்று. காகிதத்தைக் காப்பது மட்டுமே தொழிலாகக் கொண்டவர்கள் அதைக் கைவிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. படத்தை ஃபிரேம் போட்டு வெளிச்சத்தில் மாட்டப் போகிறவர்கள் அதையே அடிப்பூச்சில் கலந்துகொண்டிருக்கிறார்கள்!

அடுத்தது ஃபார்மலின். இதில் ஒரு குழப்பத்தை முதலில் பிரித்தாக வேண்டும். காகிதத்தின் மேல் ஏறிய ஜெலட்டினைக் கெட்டிப்படுத்துவது ஒரு வேலை. பாட்டிலில் இருக்கும் ஜெலட்டின் கெடாமல் பார்ப்பது வேறு வேலை. ஃபார்மலின் முதல் வேலையை நன்றாகச் செய்யும். ஜெலட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடும், பிறகு வெந்நீரிலும் இளகாது. அப்படியானால் அதையே பாட்டிலுக்குள் ஊற்றினால் என்ன நடக்கும்? பாட்டிலுக்குள்ளேயே கட்டிப்போடும். அளவு அதிகமானால் ஒரு நாள் உருக்கப் போனால் உருகாது, ரப்பர் மாதிரி கிடக்கும். அளவு குறைந்தால் பாதி கட்டியும் பாதி கட்டாமலும், காகிதத்தில் திட்டுத் திட்டாக ஏறும். குரோம் ஆலம் போட்டு வைப்பதும் இதே கதைதான். அதைக் கலந்தால் அன்றைக்கே தடவி முடிக்க வேண்டும், மறுநாளைக்கு வைப்பதற்கில்லை. காப்பாற்ற வேண்டிய பொருளின் குணத்தையே மாற்றிவிடுவதற்குக் காப்பாற்றுதல் என்று பெயர் வைத்தது யாரோ!

ஃபார்மலின் மூக்குக்கும் நுரையீரலுக்கும் செய்வது தனிக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் ஃபார்மால்டிஹைடை முதல் பிரிவுக்கு மாற்றியது. அதாவது, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி என்று சொல்லப்படும் பிரிவு. அப்போது சொன்னது மூக்கின் பின்புறத் தொண்டைப் பகுதி. 2009ல் ரத்தப் புற்றுநோயையும் சேர்த்தார்கள். 2018ல் கேரளத்தில் மீனில் ஃபார்மலின் கலந்திருக்கிறது என்று டன் கணக்கில் பறிமுதல் செய்தபோது வீட்டுக்கு வீடு பதறினார்கள். அதே ஃபார்மலின் பாட்டில், கலைக்காக என்றதும், ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வீட்டில் அச்சிடுகிறவர் மட்டுமா இருக்கிறார்? நடு ராத்திரியில் இருட்டில் ஃபிரிட்ஜைத் திறக்கிற பிள்ளைக்கு லேபிள் தெரியுமா? கண்ணாடி பாட்டிலில் பழுப்பு நிறத்தில் கிடக்கும் ஜெல்லியைப் பார்த்து அது என்ன நினைக்கும்?

சோடியம் பென்சோவேட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஊறுகாய்க்கும் ஜூஸுக்கும் போடுவது. புளிப்பு இருந்தால்தான் வேலை செய்யும். ஜெலட்டின் கரைசலில் அந்தப் புளிப்பு இல்லை. புளிப்பாக்குகிறேன் என்று அமிலத்தை ஊற்றினால் காகிதம் போச்சு.

வெறும் ஃபிரிட்ஜ்? இரண்டு மூன்று நாள், மூடி வைத்தால், பாதகமில்லை. சனிக்கிழமை கரைத்ததை ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கோட்டுக்கு எடுப்பதை யாரும் தடுக்கவில்லை. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, நிதானப்படுத்துகிறது, அவ்வளவே. தயிரும் மாவும் ஃபிரிட்ஜிலேயே புளிப்பதைப் பார்க்காதவர்கள் யார்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஒரு விஷயம் புரிகிறது. இது தொழிற்சாலைப் பழக்கம். புகைப்படத் தொழிலே ஜெலட்டின் மேல் கட்டியது. 1871ல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து உலர்தகடு செய்ததிலிருந்து, ஃபிலிம் காலம் முழுக்க, டன் டன்னாக ஜெலட்டின் வாங்கி, கரைத்து, பூசினார்கள். பெரிய தொட்டி, நாள்கணக்கில் நடக்கும் வேலை, நாடு விட்டு நாடு போகும் சரக்கு. அங்கே கெடாமல் இருக்க ஒரு மருந்து வேண்டும் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய சூத்திரத்தை அப்படியே எடுத்து, கால் லிட்டர் கரைசலுக்குப் பொருத்துவதுதான் அபத்தம். கல்யாண சமையல்காரர் அண்டாவுக்குப் போடுகிற உப்பை யாராவது வீட்டுக் கிண்ணத்தில் கொட்டுவார்களா?

தொழிற்சாலையிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் வேறொன்று இருக்கிறது. 1882ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற உலர்தகடுகள் திடீரென்று வேலை செய்யாமல் போயின. அப்போது கோடாக் என்ற பெயரே பிறக்கவில்லை, கம்பெனி சின்னது. சூத்திரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை. ஆலையை நிறுத்திவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய் விசாரித்தார். கடைசியில் குற்றவாளி ஜெலட்டின்தான். வந்த சரக்கு சரியில்லை. அவர் என்ன செய்தார்? அந்த ஜெலட்டினுக்கு மருந்து தேடவில்லை. விற்ற தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். கையில் இருந்த காசு கிட்டத்தட்ட கரைந்தது, பெயர் நின்றது. ஜெலட்டினில் சந்தேகம் வந்தால் ஜெலட்டினைத்தான் தூக்கியெறிய வேண்டும் என்று ஒரு முதலாளிக்கே தெரிந்திருக்கிறது. (1920களில் அதே கோடாக்கில் சாமுவேல் ஷெப்பர்ட் கண்டுபிடித்தது இன்னும் வேடிக்கை. சில ஜெலட்டின் மட்டும் ஏன் ஃபிலிமை வேகமாக்குகிறது என்று தேடிப்போனால், மாடு மேய்ந்த கடுகுச்செடி வகையிலிருந்து வந்த கந்தகப் பொருள் காரணம்! துளியூண்டு கலப்படம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.)

காகிதத்தில் எதையாவது சௌகரியத்துக்காகக் கலந்தால் அதற்கு யார் விலை கொடுப்பது என்பதற்கு இன்னொரு பெரிய உதாரணம் இருக்கிறது. பழைய ஐரோப்பியக் காகித ஆலைகளில் ஒவ்வொரு தாளையும் ஜெலட்டின் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்த வழக்கம். ஈரத்தில் தாள்கள் ஏராளமாகக் கிழியும். அதனாலேயே அந்த அறைக்குக் கசாப்புக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்தத் தொல்லையே வேண்டாமென்று 1807ல் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக் ஒரு வழி சொன்னார். காகிதக் கூழிலேயே பைன்மரப் பிசினையும் படிகாரத்தையும் கலந்துவிடுவது. மலிவு, சுலபம், கெட்டுப்போகாது. ஆலைகள் எல்லாம் மாறின. படிகாரத்தின் அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே தின்றது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதிப் புத்தகங்கள் தொட்டால் அப்பளமாக நொறுங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கலந்தவருக்கு லாபம், நூறு வருஷம் கழித்து நூலகத்துக்கு நஷ்டம். கணக்கு ஏட்டில் அந்த நஷ்டம் யார் பெயரிலும் ஏறவில்லை.

ஜெலட்டின் முக்கிய தாள்கள் என்ன ஆயின? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் திமோதி பாரெட்டும் அவருடைய குழுவும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரையிலான 1500க்கும் மேற்பட்ட பழைய தாள்களைச் சேதப்படுத்தாமல் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல நிலையில், வெளுப்பாக இருந்த தாள்களில் ஜெலட்டினும் கால்சியமும் அதிகமாக இருந்தன. ஐநூறு அறுநூறு வருஷம்! எந்த ஃபிரிட்ஜில் வைத்தார்கள்? ஜெலட்டின் காகிதத்தில் ஏறி, காய்ந்து, அங்கேயே நின்றது. அதைக் காப்பாற்றியது உலர்வுதான். அந்த ஆலைக்காரர்களும் தொட்டியில் படிகாரம் கலந்தார்களே என்று கேட்கலாம். கலந்தார்கள். ரீம் ரீமாகத் தாள் முக்கும் தொட்டி அது, கால் லிட்டர் பாட்டில் இல்லை.

ஆகவே, ஜெலட்டினைச் சேமிக்க இடம் பாட்டில் இல்லை, காகிதம். ஒரு நாள் உட்கார்ந்து, அந்த மாதத்துக்கு வேண்டிய தாள்களை மொத்தமாக முக்கி, கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட வேண்டியதுதான். கரைசல் மீந்தால் இன்னும் இரண்டு தாள். அதற்கும் மேல் மீந்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கொட்டுவது. சூடாறி உறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், அது வேறு வம்பு. மூலப்பொருளைக் கையிருப்பாக வைக்காமல் பாதி முடிந்த சரக்காக மாற்றி வைப்பது என்று இதற்குக் கணக்குப் பாடத்திலேயே இடம் உண்டு. கெட்டிப்படுத்திக் காய்ந்த தாள், மழைக்கால ஈரம் படாமல் வைத்தால், மாதக்கணக்கில் காத்திருக்கும். கெட்டிப்படுத்துவதற்கு ஃபார்மலினுக்குப் பதிலாக இப்போது பலரும் கிளையாக்ஸல் பயன்படுத்துகிறார்கள். அது அவ்வளவாக ஆவியாகாது, ஆனால் தோலுக்கு ஆகாது, கையுறை கட்டாயம். கெட்டிப்படுத்தியபின் நன்றாக அலசாவிட்டால் காகிதம் மஞ்சளாகும். எந்த மருந்தாக இருந்தாலும் அதைச் செய்கிற இடம் மொட்டைமாடி, அடுக்களை இல்லை.

எதிர்ப்பக்கம் சொல்வதில் ஒன்று மட்டும் மனசைத் தொடுகிறது. ஒரு மாட்டின் எலும்பிலிருந்து வந்த பொருளைச் சாக்கடையில் கொட்டலாமா என்கிறார்கள். நல்ல கேள்வி. அந்த மாட்டின் மேல் அக்கறை இருந்தால் லிட்டர் கரைக்காதீர்கள், கால் லிட்டர் கரையுங்கள். பழைய கரைசலால் பாழாகும் ஒவ்வொரு தாளிலும் போவது அதே மாட்டின் எலும்புதான்.

இன்னொரு வாதம், கோந்து அச்சுக்கு டைக்குரோமேட்டையே கையால் கலக்குகிறவர்கள் ஃபார்மலினுக்குப் பயப்படுவது என்ன நியாயம் என்பது. டைக்குரோமேட்டும் புற்றுநோய் உண்டாக்குவதுதான், மறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. ஆனால் டைக்குரோமேட் இல்லாவிட்டால் இந்த முறையில் படமே இல்லை. அதற்காக ஒரு ஆபத்தைத் தெரிந்தே ஏற்கிறார்கள், கையுறை போடுகிறார்கள், பூட்டி வைக்கிறார்கள். கார்பன் அச்சுக்காரர்கள் சிலர் அதையும் விட்டுவிட்டு வேறு ரசாயனத்துக்குப் போய்விட்டார்கள். அரை டீக்காசு ஜெலட்டினுக்காக ஏற்கும் ஆபத்தில் என்ன படம் கிடைக்கிறது?

மிச்சமிருப்பது நேரம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்கிறார்கள். குளிர்ந்த தண்ணீரில் தூளைப் போட்டு ஊறவிட இருபது நிமிஷம், அதுவும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 50 டிகிரிக்குக் கொண்டுவரப் பத்து நிமிஷம். ஃபிரிட்ஜில் கெட்டியாகிக் கிடக்கும் பாட்டிலை வெந்நீரில் இறக்கி முழுதும் உருக்கி முடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.